பிரம்பும் பெயர்ப்பட்டியலும்: யாங்கூனின் பெரிய பள்ளிக்கூடங்கள் எமக்குக் காட்டுவது

யூன் மாதம் பிறந்தால் யாங்கூன் நகரின் காலைகள் வெள்ளையும் பச்சையுமாக மாறிவிடும். வெள்ளை மேற்சட்டை, பச்சை லோஞ்சி, தோளில் துணிப்பை, கையில் குடை. மழையும் பள்ளிக்கூடமும் அங்கே ஒன்றாகவே தொடங்குகின்றன. 2021ஆம் ஆண்டு யூன் முதலாம் திகதி பாடசாலைகள் மீளத் திறக்கப்பட்டபோது அந்தக் காட்சி இல்லை. வாசல்களில் ஆயுதம் தாங்கியவர்கள் நின்றார்கள். உள்ளே பிள்ளைகளும் குறைவு, ஆசிரியர்களும் குறைவு. அந்த ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி நடந்த இராணுவச் சதிப்புரட்சியை எதிர்த்து, பச்சையும் வெள்ளையும் உடுத்த ஆசிரியைமார் தெருவில் இறங்கி வேலைக்குத் திரும்ப மறுத்திருந்தார்கள்.

ஈழத்திலிருந்து இடம்பெயர்ந்து கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நாம் யாங்கூன் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஏன் பேசவேண்டும்? இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அந்த நகரத்தில் இன்றும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசுவதற்கு எமது ஊடகங்களில் இடம் கிடைப்பது அரிது. இரண்டாவது, மியன்மார் ஆசிரியர்கள் இன்று எதிர்கொள்ளும் கேள்வியும் நாம் விட்டுவந்த மண்ணின் ஆசிரியர்கள் எதிர்கொள்ளும் கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரம்பை வைத்துவிட்டால், ஆயிரம் இரண்டாயிரம் பிள்ளைகள் நிறைந்த ஒரு நகரப் பாடசாலையை எதைக்கொண்டு நடத்துவது?

இதற்கு மேற்குலகில் ஒரு விடை உருவாகி, சுமார் முப்பது ஆண்டுகளாகப் பரீட்சிக்கப்பட்டு வருகிறது. நேர்நிலை நடத்தை ஆதரவு என்று அதைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் சுகாய், றொபர்ட் ஹோர்னர் போன்றவர்கள் வளர்த்தெடுத்த முறை அது. 1997இல் அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம் திருத்தப்பட்டபோது இந்தக் கருத்து சட்டத்துக்குள் நுழைந்தது. எமது பிள்ளைகள் பலர் தாம் படிக்கும் பள்ளிக்கூடத்தின் நடைபாதைச் சுவரில் ‘மதிப்போம், பொறுப்பாயிருப்போம், பாதுகாப்பாயிருப்போம்’ என்ற பொருளில் மூன்று வரிகள் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். நல்லது செய்த பிள்ளைக்கு ஆசிரியர் சிறு சீட்டு ஒன்றைக் கொடுப்பதையும் பார்த்திருப்பார்கள். பெற்றோராகிய நாம் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கடந்து போயிருப்போம்.

சீட்டுக்கும் சுவர் எழுத்துக்கும் பின்னால் உள்ள எண்ணம் எளிமையானது. கணக்குத் தெரியாத பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். நடந்துகொள்ளத் தெரியாத பிள்ளைக்கு மட்டும் அடிக்கிறோம். அப்படியில்லாமல் நடத்தையையும் ஒரு பாடமாகச் சொல்லிக் கொடுக்கவேண்டும், செய்து காட்டவேண்டும், சரியாகச் செய்யும்போது கவனித்துச் சொல்லவேண்டும் என்கிறது இந்த முறை. ஒரு பாடசாலையில் ஏறத்தாழ 80 சதவீதமான பிள்ளைகளுக்கு இந்தப் பொதுவான கற்பித்தலே போதும். 15 சதவீதம் வரையானோருக்குச் சிறு குழுவாகக் கூடுதல் உதவி வேண்டும். மிகுதி 5 சதவீதம் அளவானோருக்குத் தனித்தனியே, குடும்பத்தையும் சேர்த்து, ஆழமான உதவி வேண்டும். எமது ஊரில் இதற்கு நேர்மாறாக நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். அந்த 5 சதவீதப் பிள்ளைகளே வருடம் முழுவதும் அடிவாங்கினார்கள், மற்றவர்கள் அதைப் பார்த்துப் பயந்தார்கள். அடிவாங்கியவர்கள் ஒருநாள் பாடசாலைக்கு வராமலே போனார்கள்.

ஆரம்பப் பாடசாலைகளில் இந்த முறை எளிதாக வேரூன்றியது. பெரிய உயர்நிலைப் பள்ளிகளில்தான் சிக்கல். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சீட்டுக் கொடுத்தால் அது சிரிக்கும். பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்று இருப்பதால், ஒரே பிள்ளையை நாளுக்கு ஆறேழு பேர் ஆறேழு விதமாக நடத்துவார்கள். ‘இந்த வயதில் இதெல்லாம் தெரிந்திருக்கவேண்டாமா, இதைச் சொல்லிக் கொடுப்பதா எனது வேலை’ என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சிகாகோ நகரின் பெரிய உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இந்த முறையை அறிமுகம் செய்து ஹாங்க் பொஹானனும் அவருடைய சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஒழுங்குப் பிரச்சினைக்காக அலுவலகத்துக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை அங்கே குறைந்தது. ஆனால் அந்த மாற்றம் ஒரு பருவத்தில் வந்ததல்ல. ஆசிரியர்கள் தமக்குள் இணக்கம் காண்பதற்கே நெடுங்காலம் எடுத்தது.

இனி யாங்கூனுக்கு வருவோம்.

அந்த நகரத்தின் பெயர்பெற்ற அரச உயர்நிலைப் பள்ளிகள் பல ஒரு காலத்தில் வேறு பெயர்களில் இருந்தவை. டகோன் முதலாம் இலக்கப் பள்ளி முன்னர் மெதடிஸ்ட் ஆங்கில உயர்நிலைப் பள்ளி. ஆங் சான் சூச்சி சிறுமியாகப் படித்த இடம் அது. பொட்டாட்டௌங் ஆறாம் இலக்கப் பள்ளி முன்னர் புனித பவுல் பள்ளி. டகோன் இரண்டாம் இலக்கப் பள்ளி, 1920இல் பிரித்தானியரின் பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் நடத்திய பகிஷ்கரிப்பில் பிறந்த மியோமா தேசியப் பள்ளி. ஒழுங்கை மீறியதால் உருவான பள்ளிக்கூடம் என்று அதைச் சொன்னாலும் தவறில்லை. 1965இல் ஜெனரல் நே வினின் அரசு தனியார் பள்ளிகளைத் தேசியமயமாக்கியபோது இவற்றின் பெயர்கள் போய் இலக்கங்கள் வந்தன. அதே அலையில்தான் பர்மாவின் தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் மறைந்தன. கடைகளையும் நிலங்களையும் இழந்த இந்திய வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். சென்னையின் பர்மா பஜாரும் தமிழகத்தின் பர்மா காலனிகளும் அந்த வெளியேற்றத்தின் அடையாளங்கள். போகாமல் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இலக்கமிட்ட பள்ளிகளில் பர்மிய மொழியில் படிக்கிறார்கள். தமிழ், கோயிலை அண்டிய மாலை வகுப்புகளில் மிஞ்சி நிற்கிறது.

இந்தப் பள்ளிகளில் ஆசிரியர் என்பவர் வெறும் சம்பளக்காரர் அல்லர். புத்தர், தம்மம், சங்கம், தாய்தந்தையர், ஆசிரியர் என்று எல்லையற்ற நன்றிக்குரியவை ஐந்து என்பது பர்மியப் பௌத்த மரபு. ‘சாயா’ என்றால் ஆசிரியர், ‘சாயாமா’ என்றால் ஆசிரியை. தடிங்யுட் விளக்குத் திருநாளை ஒட்டி மாணவர்கள் ஆசிரியர்களின் முன் மண்டியிட்டு வணங்கிக் காணிக்கை வைப்பார்கள். மாதா பிதா குரு தெய்வம் என்று வளர்ந்த எமக்கு இது அந்நியமான காட்சி அல்ல. அந்த மரியாதையில் அழகு உண்டு, உண்மையும் உண்டு. ஆனால் அதே மரியாதையின் நிழலில்தான் பிரம்பும் நின்றது. வணங்கப்படுகிறவர் அடித்தால் அது அடியாகக் கணக்கில் வருவதில்லை.

சட்டமும் அப்படியே பார்த்தது. மியன்மார் 1991இல் ஐ.நா.வின் சிறுவர் உரிமைகள் சாசனத்தில் இணைந்தது. 1993இல் வந்த சிறுவர் சட்டமோ, பிள்ளையின் நன்மைக்காகப் பெற்றோரோ ஆசிரியரோ கண்டிப்பதைக் குற்றமாகக் கருதவில்லை. இது பர்மாவின் தனிக் குணம் அல்ல. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையில், பாடசாலை ஆசிரியர் ஒருவர் தமது நியாயமான தற்றுணிபின்படி மாணவனை அடித்தால் அது குற்றவியல் பலாத்காரம் ஆகாது என்று ஓர் உதாரணமே எழுதப்பட்டிருக்கிறது. பிரித்தானியர் எம் இரு நாடுகளுக்கும் ரயிலை மட்டும் விட்டுப்போகவில்லை. பிரித்தானியாவே தனது அரச பாடசாலைகளில் பிரம்பை 1987இல் கீழே வைத்தது. நோர்வே 1936இலேயே வைத்துவிட்டது. ஒஸ்லோவில் இருக்கும் எமது உறவுகளின் பிள்ளைகளுக்கு அது பாட்டன் காலத்துக் கதை.

2011க்குப் பின் மியன்மார் திறந்தபோது கல்விச் சீர்திருத்தமும் தொடங்கியது. ஐந்தாண்டுத் தேசியக் கல்வி மூலோபாயத் திட்டம் வந்தது. பாலர் வகுப்போடு பன்னிரண்டு ஆண்டுகள் என்று பாடசாலைக் காலம் நீட்டப்பட்டது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் ஆரம்ப வகுப்புப் பாடநூல்களைப் புதிதாக எழுத உதவியது. பிரித்தானிய கவுன்சில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்குப் பயிற்றுநர்களை அனுப்பியது. யுனிசெப் பிள்ளை நேயப் பாடசாலை என்ற கருத்தைக் கொண்டுவந்தது. 2019 யூலையில் பழைய சிறுவர் சட்டத்தின் இடத்தில் புதிய சிறுவர் உரிமைச் சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரும் பிள்ளைகளே என்று அது வரையறுத்தது. எல்லாம் நல்ல திசையில்தான் சென்றன. ஆனால் பாடநூல் மாறிய வேகத்தில் வகுப்பறை மாறவில்லை. ஐம்பது அறுபது பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்து, ஆசிரியர் சொல்வதை எல்லோரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்லும் முறையும், பத்தாண்டுப் படிப்பை ஒரே மெற்றிக்குலேசன் பரீட்சையில் எடைபோடும் முறையும் இருக்கும்வரை, அமைதியே ஒழுக்கம் என்றாகிவிடும். அமைதியை உண்டாக்க மிகவும் மலிவான கருவி பிரம்பு. பயிற்சி வேண்டாம், பணம் வேண்டாம்.

இதைச் சொல்லும்போது யாங்கூன் ஆசிரியைமாரை ஏதோ கொடியவர்களாகக் காட்டுவது எமது நோக்கமல்ல. குறைந்த சம்பளம், மாலையில் ரியூசன், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றம். இவற்றுக்கிடையே அறுபது பிள்ளைகளைச் சமாளித்த பெண்கள் அவர்கள். 2021இல் தமது வேலையையும் அரசாங்க வீட்டையும் ஓய்வூதியத்தையும் தூக்கியெறிந்து ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினரும் அதே பெண்கள்தான். அந்த ஆண்டு மே மாதத்துக்குள் 125,000க்கும் மேற்பட்ட பாடசாலை ஆசிரியர்கள் இடைநிறுத்தப்பட்டதாக மியன்மார் ஆசிரியர் சம்மேளனம் தெரிவித்தது. நாட்டின் மொத்த ஆசிரியர்கள் சுமார் 430,000 பேர். மெற்றிக்குலேசன் பரீட்சைக்கு 2020இல் ஒன்பது இலட்சத்துக்கு மேல் தோற்றினார்கள். 2022இல் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

ஆகவே யாங்கூனின் ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளியை இன்று கற்பனை செய்தால், அதற்குள் மூன்று விதமான பிளவுகள் தெரியும். வேலையை விட்ட ஆசிரியர்கள், விடாத ஆசிரியர்கள், அவர்களின் இடத்துக்கு அவசரமாக எடுக்கப்பட்ட புதியவர்கள் என்று ஒன்று. பிள்ளையை அனுப்பிய பெற்றோர், அனுப்ப மறுத்த பெற்றோர், வழியில்லாமல் பின்னர் அனுப்பியவர்கள் என்று இன்னொன்று. மூன்றாவது பிளவு பிள்ளைகளின் மனத்துக்குள்ளேயே இருக்கிறது. 2022 செப்டெம்பரில் சகாயிங் பிராந்தியத்தின் லெட் யெட் கோன் கிராமப் பாடசாலையை இராணுவ ஹெலிகொப்ரர்கள் தாக்கிக் குறைந்தது பதினொரு பிள்ளைகளைக் கொன்ற செய்தியைக் கைபேசியில் பார்த்துவிட்டு, அதே அரசு நடத்தும் பள்ளியில் காலையில் வரிசையில் நின்று வணக்கம் சொல்லும் பிள்ளை அது. நவாலியையும் நாகர்கோவிலையும் நினைவில் வைத்திருக்கும் எமக்கு இந்தப் பிள்ளையின் நிலையை யாரும் விளக்கத் தேவையில்லை. 1995 செப்டெம்பரில் நாகர்கோவில் பாடசாலை மீது குண்டு விழுந்த பின்னரும் வடக்கின் பிள்ளைகள் அரசாங்கம் அச்சிட்ட பாடநூலோடுதான் பரீட்சைக்குப் போனார்கள்.

இந்த இடத்தில் நேர்நிலை நடத்தை ஆதரவு என்ற அழகான திட்டத்தை அப்படியே கொண்டுபோய் இறக்கினால் என்ன நடக்கும்?

எமது கவலை இங்கேதான் தொடங்குகிறது. அந்தத் திட்டத்தின் உயிர்நாடி தரவு. எந்தப் பிள்ளை, எந்த நாள், எந்த இடத்தில், யாரோடு, என்ன செய்தது என்று ஒவ்வொரு சம்பவமும் பதியப்படும். மாதந்தோறும் ஒரு குழு அந்தப் பதிவுகளைப் பார்த்து முடிவெடுக்கும். அமெரிக்காவில் இதற்கென்றே கணினி மென்பொருள்கள் உண்டு. ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ அந்தப் பதிவு பிள்ளையின் நன்மைக்குப் பயன்படலாம், அங்கேயும் எப்போதும் அல்ல. யாங்கூனில் அந்தப் பதிவு யாருடைய மேசைக்குப் போகும்?

2022 யூலையில் ‘கௌங் ஃபொர் யூ’ என்ற இணைய உயர்நிலைப் பள்ளிக்கு நடந்தது எல்லோருக்கும் பாடம். தேசிய ஒற்றுமை அரசாங்கத்தோடு தொடர்புடைய அந்தப் பள்ளியின் நிறுவுநர் கைதுசெய்யப்பட்டார். தொடர்ந்து அங்கே படிப்பித்த ஆசிரியர்கள் பலரும் கைதானார்கள். பெற்றோர் நடுங்கிப்போனார்கள், ஏனென்றால் பிள்ளைகளின் பெயர்களும் எங்கேயோ ஒரு பட்டியலில் இருந்தன. பின்னர் 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்களில் 18 முதல் 35 வயது வரையும், பெண்களில் 18 முதல் 27 வயது வரையும் அதற்குள் அடங்குவார்கள். வட்டார நிர்வாகிகள் வீடு வீடாகப் பட்டியல் எடுக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைக்கு வயது பதினேழு. ‘அடங்காதவன்’ என்று ஒரு கோப்பில் எழுதப்படுவது அங்கே வெறும் ஒழுங்குப் பிரச்சினையாக நின்றுவிடாது.

பட்டியலின் பயம் எமக்குத் தெரியும். 1983 யூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிவந்தார்கள். அதன் பிறகு முகாம்களில், சோதனைச் சாவடிகளில், தலையாட்டியின் முன்னால் நின்றவர்கள் எம்மில் இருக்கிறார்கள். வன்னியின் கடைசி ஆண்டுகளில் பிள்ளையின் வயதை உரக்கச் சொல்லப் பயந்த தாய்மாரும் எம்மில் இருக்கிறார்கள். பெயர் எழுதும் எந்தத் திட்டத்தையும் நாம் முதலில் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணம் உண்டு.

ஆனால் இதைச் சொல்லிப் பிரம்பையே வைத்திருங்கள் என்று யாங்கூன் பிள்ளைகளுக்குச் சொல்ல எமக்கு உரிமை இல்லை. திட்டத்தின் எந்தப் பகுதிக்குப் பெயர் வேண்டும், எந்தப் பகுதிக்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்த்தால் வழி தெரிகிறது. நடத்தையைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கப் பெயர்ப்பதிவு தேவையில்லை. ஒரு தடவை திருத்தினால் நாலு தடவை நல்லதைக் கவனித்துச் சொல்லவேண்டும் என்ற பழக்கத்துக்குக் கோப்பு தேவையில்லை. எதை வகுப்புக்குள்ளேயே தீர்ப்பது, எதற்கு அதிபரிடம் போவது என்று ஆசிரியர்கள் ஒருமுறை உட்கார்ந்து இணங்கிக்கொள்ளவும் கணினி தேவையில்லை. தரவு வேண்டும் என்றால், பிள்ளையை எண்ணாமல் இடத்தையும் நேரத்தையும் எண்ணலாம். காலை வகுப்பு விடும் நேரமும் மதிய வகுப்பு தொடங்கும் நேரமும் மோதும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் படிக்கட்டில்தான் சண்டைகள் நடக்கின்றன என்று தெரிந்தால், ஒரு வாசலைக் கூடுதலாகத் திறந்துவிடலாம். இரண்டு ஆசிரியர்கள் அங்கே நிற்கலாம். ஒரு பிள்ளையின் பெயரும் எழுதப்படாமலே அடிதடி குறையும். பெரிய நகரப் பாடசாலையில் பிரச்சினை பெரும்பாலும் இடநெருக்கடியிலிருந்தே பிறக்கிறது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையின் முன்னால் இடிபட்டவர்களுக்கு இது புதிதல்ல.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. சுவரில் எழுதப்படும் அந்த மூன்று வரிகளை யார் எழுதுவது? ‘மதிப்போம்’ என்று எழுதினால் யாரை? பரிசுச் சீட்டு முறையை மேற்குலகிலேயே சிலர் எதிர்க்கிறார்கள். அல்பி கோன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1993இலேயே பரிசும் தண்டனையின் மறுபக்கம்தான் என்று ஒரு நூல் எழுதினார். ஜனநாயக நாட்டில் அது ஒரு கல்வி விவாதம். இராணுவ ஆட்சியில் அது அதற்கும் மேல். கீழ்ப்படிவதற்குப் பரிசு கொடுக்கும் முறை, கீழ்ப்படியாததற்கு அடிக்கும் முறையைவிட இனிமையாக இருக்கலாம். இரண்டும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் விடவும் கூடும். 2015 மார்ச்சில் தேசியக் கல்விச் சட்டத்தைத் திருத்தக் கோரி யாங்கூன் நோக்கி நடந்த மாணவர்களை லெட்பதானில் பொலிஸ் அடித்து நொறுக்கியது. அது அரைகுறை ஜனநாயகம் இருந்த காலம். அந்த மாணவர்கள் கேட்டவற்றில் ஒன்று, சங்கம் அமைக்கும் உரிமை. பள்ளியின் ஒழுங்கை எழுதும் மேசையில் பிள்ளைகளுக்கும் ஒரு கதிரை வேண்டும் என்பதுதான் அதன் சாரம். உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களைச் சேர்க்காமல் இந்தத் திட்டம் நிலைப்பதில்லை என்று அமெரிக்க அனுபவமும் சொல்கிறது.

யாங்கூனின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ‘மதிப்போம்’ என்ற சொல்லுக்கு மிகத் தெளிவான ஒரு பொருள் உண்டு. ‘கலா’ என்று கூப்பிடக் கூடாது. தெற்காசிய முகம் உள்ள எவரையும், அவர் தமிழராயினும் வங்காளியாயினும் ரோகிஞ்சாவாயினும், குறிக்கும் அந்தச் சொல்லில் இளக்காரம் கலந்திருக்கிறது. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மக்களை முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், இயல்புரிமைக் குடிமக்கள் என்று தரம் பிரித்தது. அந்தத் தரப்பிரிப்பு வகுப்பறைக்குள் இந்தச் சொல்லாக வந்து சேர்கிறது. ஒரு மாணவன் அதைச் சொன்னால் அது நடத்தைப் பிரச்சினை. ஆசிரியரே சொன்னால்? நேர்நிலை நடத்தை என்பது பிள்ளைகளுக்கு மட்டும் விதிக்கப்படும் ஒன்றானால், கொன்செய்டான் தெருவில் 1871இல் தமிழர் கட்டிய காளி கோயிலுக்கு மாலையில் தமிழ் படிக்கப் போகும் பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எமது பக்கமும் பார்க்கவேண்டும். இலங்கையில் கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றறிக்கைகள் வெளியிட்டுப் பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்தது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து நட்டஈடு வழங்கியது. இருந்தும் ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் ‘சேர் அடிச்சுப்போட்டார்’ என்ற பேச்சு இன்னும் கேட்கிறது. சுற்றறிக்கை பிரம்பைப் பிடுங்கியது, வேறொன்றையும் கையில் கொடுக்கவில்லை. விளைவு இரண்டு விதம். சில ஆசிரியர்கள் ஒளித்து அடிக்கிறார்கள். சிலர் ‘எனக்கென்ன’ என்று கைகழுவிவிடுகிறார்கள். இரண்டாவது வகை அதிகம் பேசப்படுவதில்லை. அதன் இழப்பு சிறியதல்ல.

கனடாவில் வேறொரு பாதை நடந்தது. ஒன்ராறியோ மாகாணம் 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பான பாடசாலைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. குறித்த குற்றங்களுக்குக் கட்டாய இடைநிறுத்தம், கட்டாய வெளியேற்றம். பிரம்பு இல்லைத்தான், ஆனால் வாசல் இருந்தது. அதன் பாதிப்பு கறுப்பினப் பிள்ளைகள் மீதும் வேறு சிறுபான்மைப் பிள்ளைகள் மீதும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் மீதும் அளவுக்கு மீறி விழுகிறது என்று மாகாண மனித உரிமை ஆணைக்குழு முறையிட்டது. 2008 பெப்ரவரியில் சட்டம் மாற்றப்பட்டு, படிப்படியான ஒழுங்குமுறை என்ற கொள்கை வந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் ஸ்காபறோவில் பிள்ளை வளர்த்த எமது பெற்றோர் சிலருக்கு அந்த இடைநிறுத்தக் கடிதங்கள் நினைவிருக்கும். ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைப் பிள்ளையே அம்மாவுக்கு மொழிபெயர்த்தது. எப்படி மொழிபெயர்த்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதே பெற்றோர் பாடசாலைக் கூட்டத்துக்குப் போய், ‘ரீச்சர், நீங்கள் அடிச்சாலும் பரவாயில்லை’ என்று சொல்லி ஆசிரியரைத் திகைக்க வைத்ததும் உண்டு. அடியாத மாடு படியாது என்பது எமது நாக்கில் ஊறிய பழமொழி. வார நாட்களில் நேர்நிலை நடத்தைத் திட்டத்துக்குள் வாழும் பிள்ளை, சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்கு வந்து வேறொரு உலகத்தைச் சந்திக்கிறது. அங்கே தொண்டராகப் படிப்பிக்கும் அக்காவோ மாமாவோ நல்ல மனம் உள்ளவர்கள்தான். ஆனால் முப்பது பிள்ளைகள் சத்தம் போடும்போது அவர்களுக்குத் தெரிந்த ஒரே கருவி, தாங்கள் சிறுவயதில் கேட்ட அதே குரல். பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலையை விட்டு விலகுவதற்கு இலக்கணம் மட்டும் காரணம் என்று நாம் எம்மை ஏமாற்றிக்கொள்கிறோம். யாங்கூனுக்கு ஆலோசனை சொல்லும் முன், இதை எமது சனிக்கிழமை வகுப்புகளில் ஒரு பருவமாவது முயன்று பார்த்தோமா? இங்கே எந்தப் பட்டியலுக்கும் பயப்படத் தேவையில்லை.

யாங்கூனில் இந்த முயற்சி அரச பள்ளியின் வாசல் வழியாகத் தொடங்கும் என்று நாம் நம்பவில்லை. தாய்லாந்து எல்லையில் மே சொட் பகுதியில் இடம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்காக நடக்கும் கற்றல் நிலையங்களிலும், வேலையை விட்ட ஆசிரியைமார் நடத்தும் இடைக்கால வகுப்புகளிலும்தான் அதற்கு இடம் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் குறைவு, வகுப்பு சிறியது, அரசின் கோப்பு இல்லை. பயமும் பசியும் உண்டு. ஆசிரியையும் பிள்ளையும் ஒரே துயரத்தில் இருப்பதால், அடிப்பதற்குக் கை எழும்பும்போது தயக்கமும் கூடவே எழும்பும். அந்தத் தயக்கத்தை ஒரு முறையாக மாற்ற முடிந்தால், ஒருநாள் பெரிய பள்ளிகளுக்குத் திரும்பும்போது அவர்கள் கையோடு கொண்டுபோக ஏதோ ஒன்று இருக்கும்.

அந்த நாள் வந்தால் முதல் சிக்கல் பிள்ளைகளிடம் இருக்காது. நேர்நிலை நடத்தைத் திட்டத்தைத் தொடங்குவதற்கு முன் பாடசாலையின் ஆசிரியர்களில் குறைந்தது 80 சதவீதமானோர் அதற்கு உடன்படவேண்டும் என்பது அந்தத் திட்டக்காரர் பொதுவாகக் கேட்கும் நிபந்தனை. யாங்கூனின் ஆசிரியர் அறையில் அந்தக் கணக்கை எடுக்கவேண்டுமானால், 2021இல் பச்சை லோஞ்சியோடு தெருவில் நின்று வேலையையும் வீட்டையும் இழந்த சாயாமாவும், அன்று காலை பயந்தோ பிள்ளைகளை நினைத்தோ வகுப்புக்குப் போன சாயாமாவும், பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் உட்கார்ந்து கை உயர்த்தவேண்டியிருக்கும்.